பூக்காரி கணக்கு

பி.எட். முடித்து இரண்டு வருடம் கழித்து, மயிலாப்பூர்ப் பள்ளி ஒன்றிலிருந்து கணக்கு டீச்சர் வேலைக்கு அழைப்பு வந்தது. இருந்தது ஒரே இடம். கூடப் படித்த தோழிக்கும் அதே நாளில் வரச் சொல்லியிருந்தார்கள். ஒன்பதாம் வகுப்புக்கு மாதிரிப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். இரண்டு சமன்பாடுகளுக்குத் தீர்வு ஒன்றா, எண்ணற்றதா, இல்லவே இல்லையா என்று கண்டுபிடிப்பதுதான் பாடம்.

முந்தின நாள் அவள் மாம்பலத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். மகளுக்குப் பருப்புசாதம் ஊட்டிக்கொண்டே பாடத்தைச் சொல்லிக் காட்டினேன். ஒரு முழம் மல்லியும் இரண்டு முழம் கனகாம்பரமும் பத்து ரூபாய். இரண்டு முழம் மல்லியும் நான்கு முழம் கனகாம்பரமும் இருபது. மல்லி முழம் என்ன விலை? சொல்ல முடியாது. மல்லி நான்கு, கனகாம்பரம் மூன்று என்றாலும் சரி; ஆறு, இரண்டு என்றாலும் சரி. பூக்காரி இரண்டாவது தடவை புதிதாக எதையும் சொல்லவில்லை.

"எப்படிடி உனக்கு இதெல்லாம் தோணுது?" என்றாள். அந்த ஒரு வார்த்தையில் அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன்.

மறுநாள் மாமியாருக்கு ஜுரம். மகளையும் தூக்கிக்கொண்டு போனேன். தோழி முதலில் நடத்திவிட்டு வந்தாள். "குடு, நான் பாத்துக்கறேன். தைரியமா போய்ட்டு வா."

பலகையில் மல்லி, கனகாம்பரம் கணக்கை எழுதியதுமே பிள்ளைகள் சிரித்தார்கள்.

"எண்ணற்ற தீர்வு டீச்சர். இப்பதான் அந்த டீச்சர் போட்டாங்க."

கடைசி பெஞ்சில் தலைமையாசிரியை பேனாவைத் திறந்தார். நான் அவசரமாக இருபதை அழித்துப் பதினெட்டு என்று மாற்றினேன். இப்போது தீர்வே கிடையாது.

"இப்ப என்ன?" என்று கேட்டேன்.

"ஜாஸ்தி வாங்கினா ரெண்டு ரூபா கொறப்பாங்க டீச்சர்" என்றாள் ஒருத்தி.

வகுப்பே சிரித்தது. விலை மாறாது என்று முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். அப்போது அது வாயில் வரவில்லை.

வெளியே தோழியின் தோளில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"என்னடி நடத்தினே?" என்று கேட்டாள்.

"நீ நடத்தினதைத்தான்."

அவள் குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தாள். "மெதுவா பேசு, இப்பதான் தூங்கினா."

பஸ்ஸில் பார்த்தேன், மகளின் கவுன் முதுகெல்லாம் சாக்பீஸ் தூள். தட்டிவிடப் பார்த்தேன். என் கையிலும் தூள் இருந்ததால் இன்னும் வெள்ளையானது.

வேலை அவளுக்குக் கிடைத்தது. 'இது என்னுடையது, நீ வேறு யோசித்துக்கொள்' என்று அவள் வீட்டுக்கு வந்த அன்றைக்கே சொல்லியிருக்கலாமோ என்று பல நாள் நினைத்தேன். தோழியிடம் அதையெல்லாமா சொல்வார்கள்?