கொல்லைப் பக்கமே நின்றுகொண்டவள்

என் மனைவி இறந்து நான்கு மாதமாகிறது. முப்பது வருடம் பள்ளிச் சீருடை தைத்தவள். அவளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் தையலைப் பற்றி ஒரு வரியும் வரவில்லை. அவள் வீட்டுக்குள் வராமல் இருந்த நாட்கள்தான் வருகின்றன.

கல்யாணமான புதிதில் அவள் தன் அம்மாவிடமிருந்து நெற்றியில் வெள்ளையோடு இரண்டு கறுப்புப் பெட்டைக்கோழிகள் வாங்கிவந்தாள். கொல்லையில் இருந்த பதினாறு கோழிகளும் அவற்றின் வழிவந்தவை. சேவல் மாறியிருக்கிறது, பெட்டை வழி மாறியதே இல்லை.

போன வருடம் ஒரு காலையில் இரண்டு கோழிகள் இறக்கையைத் தொங்கப்போட்டு நின்றன. எச்சம் பச்சையும் வெள்ளையுமாக இருந்தது. மறுநாள் ஒன்று கழுத்து முறுக்கிக்கொண்டு விழுந்தது. கால்நடை மருத்துவமனைக் கம்பவுண்டர் வந்து, எங்கள் வாசலிலேயே நின்று பார்த்தார்.

"வெள்ளைக்கழிச்சல்மா. இதுக்கு மருந்து கிடையாது. வர்றதுக்கு முன்னாடி சொட்டு மருந்து விட்டிருக்கணும்."

"போன தடவை விட்டேன் சார். இந்தத் தடவைதான் தைக்கிற அவசரத்துல தள்ளிப் போட்டுட்டேன்."

பால்காரர் யோசனை சொன்னார். "நல்லா இருக்கறதை இன்னிக்கே கறிக்கடைக்குத் தள்ளிவிடுங்கக்கா."

"அவன் கூண்டுல அடுத்த வீட்டுக் கோழியும் இருக்கும்ல? நம்ம பாவத்தை அங்க வேற ஏத்தணுமா?"

மாடிப்படிக்கு அடியில் ஒரு பெட்டை பதினெட்டு நாளாக அடைகாத்துக்கொண்டிருந்தது. பதினொரு முட்டை. அன்று மாலை அதுவும் வாய் திறந்து மூச்சு வாங்கியது. முட்டைகளையாவது காப்பாற்ற முடியுமா என்று கம்பவுண்டரிடம் போனில் கேட்டாள்.

"சொல்ல முடியாது. ஆனா ஒண்ணு, சீக்குக் கோழியைத் தொடுற ஆளு குஞ்சுகிட்ட போகவே கூடாது. துணியில ஒட்டிக்கிட்டுப் போகும், செருப்புல போகும்."

அவள் யோசிக்கவே இல்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, முட்டைகளைத் துடைத்து, தவிட்டுக் கூடையில் வைத்துப் பின்வாசல் படியில் இறக்கினாள்.

"எடுத்துக்குங்க. இனிமே நான் இந்தப் பக்கம் வரமாட்டேன்."

"நானா? எனக்கு என்ன தெரியும்?"

"முப்பது வருஷமா தெரியாதுன்னே ஓட்டிட்டீங்க. சூட்டுக்கு மேல பல்பு போடுங்க, கிட்டக்க வச்சு அவிச்சுடாதீங்க, அது போதும்."

விறகு அறையில் பாய் விரித்துக்கொண்டாள். நான் சமைத்துத் தட்டைப் படியில் வைப்பேன். நான் நகர்ந்த பிறகு வந்து எடுப்பாள். "கோழிக்கு வந்த சீக்கு போதும்ங்க, சாம்பார்ல உப்பை அள்ளிக் கொட்டி எனக்கும் வரவைக்காதீங்க" என்று கத்துவாள். சீருடை கேட்டு வந்தவர்களை, "உங்க வீட்லயும் கோழி இருக்கு, போயிட்டு அடுத்த மாசம் வாங்க" என்று வேலிக்கு வெளியிலேயே திருப்பி அனுப்பினாள்.

கோழிகளுக்குத் தண்ணீர் புகட்டினாள். ஒவ்வொன்றாகச் செத்தன. குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டு மூடினாள். அடைகாத்த பெட்டையைப் புதைத்த அன்று படியருகே வந்து, "பொரிச்சுதா?" என்று மட்டும் கேட்டாள்.

ஒன்பது பொரித்தன. கூடையைத் தூக்கித் தூரத்திலிருந்து காட்டினேன். "கறுப்பு இருக்கா? நெத்தியில வெள்ளையோட?" என்றாள். இருந்தது. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஏழாம் நாள் கம்பவுண்டர் சொன்னபடி குஞ்சுகளின் கண்ணில் நானே சொட்டு விட்டேன். கொல்லையில் பதினாறில் ஒன்றும் மிஞ்சவில்லை. கூண்டை எரித்து, தரையைச் சுரண்டி, சுவரெல்லாம் சுண்ணாம்பு அடித்தாள். அதற்குப் பிறகும் ஒரு மாதம் முழுதாகப் பொறுத்தாள்.

பிறகு ஒரு நாள் தலைக்குக் குளித்து, புதுச் செருப்புப் போட்டு உள்ளே வந்தாள். குந்தி உட்கார்ந்து நொய்யை நீட்டி, "பா... பா..." என்றாள். குஞ்சுகள் அலறிக்கொண்டு என் காலுக்குப் பின்னால் ஒதுங்கின.

"பருந்தைப் பாத்த மாதிரி ஓடுதுங்களே" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். எனக்கு உள்ளூரப் பெருமையாகவும் இருந்தது.

நொய்யை என் கையில் கொட்டினாள். "நீங்களே போடுங்க. உங்களுக்குப் பழகினதுங்க."

அதற்குப் பிறகு பதினொரு மாதம் இருந்தாள். தினமும் காலையில் நான் தீனி போட்டேன், அவள் பின்னால் நின்று பார்த்தாள். ஒரு வாரம் நான் எங்காவது வெளியூர் போயிருந்தால் அவை அவளிடம் வந்திருக்கும். எனக்கு அது தோன்றவே இல்லை.