அளவு கேட்கப் போன ஆள்

அந்த நாளிதழ் அலுவலகத்தில் அவருக்குக் கால்புள்ளி என்று பெயர். இருபத்திரண்டு வருடமாக மெய்ப்புத் திருத்துகிறவர். யாராவது கல்யாணப் பத்திரிகை நீட்டினால் தேதியைப் பார்க்குமுன் எழுத்துப்பிழையைப் பார்ப்பார். போன வருடம் ஞாயிறு மலரில் அரைப்பக்கம் காலியாகக் கிடக்க, ஆசிரியர் போனால் போகிறதென்று அதை இவர் தலையில் கட்டினார். வாரம் ஒரு பாட்டை எடுத்துச் சொல் சொல்லாகப் பிரித்து எழுதினார். வாசகர் கடிதங்கள் வர ஆரம்பித்ததும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போது ஒரு தாலாட்டு எங்கு பார்த்தாலும் கேட்டுக்கொண்டிருந்தது. வானொலியில் நேயர்களுக்கு நடத்திய போட்டியில் தேர்வான பாட்டு. எழுதியவர் பெயர் சொல்ல விரும்பவில்லையாம்.

பொத்தான் அஞ்சு வச்சு, காஜா அஞ்சு எடுத்து
பூப்போட்ட துணியில உனக்கொரு சட்டை
அளவு கேட்க ஆளனுப்பிக் காத்திருந்தேன் கண்ணே
அந்தப் பக்கம் நீ தூங்கு, இந்தப் பக்கம் நான்.

கால்புள்ளி அதை நாலைந்து முறை எழுதிப் பார்த்தார். இது எப்படித் தாலாட்டு? தொட்டில் இல்லை, மடி இல்லை. பாட்டு முழுக்கத் தாயின் கை பிள்ளையை ஒரு தடவைகூடத் தொடவில்லை. பக்கத்தில் படுத்திருக்கிற பிள்ளையை ஜாணால் அளந்துவிடலாமே, ஆள் எதற்கு? கடைசி வரியில் 'நீ' தூங்குகிறாய். 'நான்' என்ன செய்கிறேன்? அங்கே வினைச்சொல்லே இல்லை. பெற்ற பிள்ளையை இன்னொரு வீட்டுக்குக் கொடுத்துவிட்டவள் பாடுகிற பாட்டு இது என்று எழுதினார். எழுதியவர் தையல்காரியாகத்தான் இருக்க வேண்டும், பொத்தான் துளைக்குக் காஜா என்ற சொல் வேறு யார் வாயில் வரும் என்றும் எழுதினார்.

அந்த இடத்தில் பேனா நின்றது.

அவருடைய அண்ணி தையல் கடை வைத்திருப்பவர். இருபது வருடத்துக்கு முன் அண்ணிக்குப் பிறந்த இரண்டாவது குழந்தையை, பிள்ளையில்லாத இவருடைய அக்காவுக்குக் கொடுத்தார்கள். பிள்ளைக்குச் சொல்லக் கூடாது என்பது பேச்சு. அண்ணி குழந்தையைத் தூக்கினால் அக்கா முகம் சுருங்கும். அதனால் அண்ணி அந்த வீட்டுக்குப் போவதையே விட்டுவிட்டார். துணி மட்டும் தைத்தார். அளவு வாங்கி வரப் போனவர், அப்போது வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடமே ஆகியிருந்த இந்தக் கால்புள்ளி.

தற்செயலாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அண்ணியை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் 'போடாதீங்க' என்பார். கேட்கவில்லை. இதுவரை எழுதியதிலேயே நன்றாக வந்தது அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை வெளிவந்தது. திங்கட்கிழமை மதியம், நர்சிங் படிக்கிற அக்கா மகள் சீருடையோடு அலுவலகத்துக்கு வந்து நின்றாள்.

"சின்ன மாமா, அந்தப் பாட்டு அத்தை எழுதினது. அவங்க கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும்னு நான்தான் நல்லா எழுதிக் குடுத்தேன். சும்மா தாலாட்டுன்னுதான் நானும் நெனச்சேன்."

"பாட்டுன்னா ஆயிரம் கற்பனை இருக்கும்மா."

"பூப்போட்ட சட்டையில எனக்கு ஒரு ஃபோட்டோ இருக்கு. நேத்து எடுத்துப் பாத்தேன். பொத்தான் அஞ்சு."

அவர் மேஜைமேல் இருந்த தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இல்லை என்று ஒரு சொல் போதும். அது வாயில் வரவில்லை. அவள் போய்விட்டாள்.

அன்று சாயங்காலமே அக்கா வீட்டில் எல்லாம் உடைந்தது. பெண் விடுதிக்குப் போய்விட்டாள். இரண்டு மாதம் பெற்றவளோடும் பேசவில்லை, வளர்த்தவளோடும் பேசவில்லை.

அவர் கடைக்குப் போனபோது அண்ணி மிஷினை நிறுத்தவில்லை. தைத்துக்கொண்டே சொன்னார். "நீங்க ஒண்ணும் தப்பா எழுதல தம்பி. நான் யாருக்கும் புரியாதுன்னு நெனச்சு எழுதினேன். முன்னெல்லாம் அத்தைன்னு ஓடி வருவா. இனிமே அந்த வார்த்தைய யோசிச்சு யோசிச்சு சொல்லுவா, பாருங்க."

திட்டியிருந்தால் அவர் மனசு கொஞ்சம் ஆறியிருக்கும். அவர் பாட்டுப் பகுதியை நிறுத்திவிட்டார். காரணம் கேட்ட ஆசிரியரிடம் கண் வலிக்கிறது என்றார்.

பெண் மூன்றாம் மாதம் அக்காவிடமே திரும்பி வந்தாள். அதைக் கேள்விப்பட்டுத்தான் அவருக்கு அக்கா வாசலில் போய் நிற்கத் தைரியம் வந்தது. "தெரியாம எழுதிட்டேன்க்கா" என்று சொல்ல வாயெடுத்தார்.

அக்கா கையைக் காட்டி நிறுத்தினாள். "தெரியாம எழுதியிருந்தா இந்நேரம் உன்ன உள்ள கூப்பிட்டிருப்பேன்டா. அளவு வாங்கிட்டுப் போனவன் நீ."

அவர் கழற்றப் போன செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு படியிறங்கி நடந்தார்.