சமையலறைக்கு நாலு பேர்

“...ரூமுக்கு நாலு பேருக்கு மேல இருக்கப்படாதுன்னு எம்புட்டுத் தடவ சொல்ல? ஏ புள்ள, நீ அஞ்சாவது ஆளு. வெளிய வா!”

மணல் வாளியும் கையுமாகச் சமையலறை வாசலில் நின்று பெரியப்பா அதட்டினார். அந்த அஞ்சாவது ஆள் நான்தான். எனக்கு எட்டு வயது. உள்ளே பெரியம்மா, என் அம்மா, மதுரையிலிருந்து வந்திருந்த பெரியம்மா மகன், அதாவது எங்கள் அண்ணன், கூட மதினி. கூடத்துக்கு வந்து, வழக்கம்போலக் கையை விரித்துக் காட்டினேன். கவுன் பையில் தீப்பெட்டி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, “ம், போ” என்றார்.

பெரியப்பா ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்தவர். வேலையை விட்டு வருசங்கள் ஆகியிருந்தன. அது அவருக்குத்தான் தெரியவில்லை. திருத்தங்கலில் எங்கள் வீடுதான் கம்பெனி. பால்காரர் செருப்பைத் தெருவிலேயே கழற்றிப் போட்டுவிட்டு வருவார். கரண்டுக் கணக்கு எடுக்க வந்தவரின் பையைத் துழாவிச் செல்போனை வாங்கி வைத்துக்கொண்டுதான் பெரியப்பா உள்ளே விட்டார். “விமானத்துல ஏறப் போனாக்கூட இம்புட்டுச் சோதன கெடையாது” என்று சொல்லிவிட்டுப் போனார் அவர். யாரும் ஓடக் கூடாது, எதையும் தரையில் இழுக்கக் கூடாது. எனக்கு இதெல்லாம் நல்ல விளையாட்டு.

அடுப்புதான் வம்பு. பட்டாசு மருந்து இருக்கிற இடத்தில் எவனாவது தீ வைப்பானா? தீயைக் கண்டால் ஒரு வாளி மணலைக் கொட்டிவிடுவார். சோற்றிலும் விழும், சாம்பாரிலும் விழும். “கொட்டுனத நீங்களே தின்னுங்க” என்று பெரியம்மா தட்டை வைத்தால், “கம்பெனிச் சாப்பாட்டுல கல்லு கெடக்கு, மொதலாளிகிட்டச் சொல்லுதேன்” என்பார்.

ஆனால் முந்தின வாரம் தீ அணைந்த பிறகும் கேஸ் வந்துகொண்டே இருந்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர்தான் வாடை பிடித்து ஓடி வந்தார். சேதி கேட்டு அண்ணன் கிளம்பி வந்தது, பெரியப்பாவை மதுரையில் ஒரு இல்லத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கத்தான்.

“ஏம்மா, இன்னைக்கு ஒரு உலைய முழுசாப் பொங்கி எறக்கிக் காட்டு. நான் அப்பாவ விட்டுட்டு வந்த வழியே போயிருதேன்” என்றார் பெரியம்மாவிடம்.

டாக்டர் அல்சைமர் என்று சொல்லியிருந்தார். “நடிக்காருன்னு நெனைக்காதீக, சண்டையும் போடாதீக. நேத்து நடந்தது நிக்காது. பழசு கொஞ்சம் நிக்கும். பாட்டு அம்புட்டு லேசுல போயிராது. அவருக்குப் பழகுன பாட்டாப் பாத்துப் போடுங்க.”

அண்ணன் படித்தவர். புதுச் செல்போன் நிறையப் பழைய சினிமாப் பாட்டாக ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். ஒன்றைப் போட்டார். முதல் வரி முடியவில்லை, கம்பெனிக்குள் செல்போனா என்று பெரியப்பா பாய்ந்து பிடுங்கி மணல் வாளிக்குள் புதைத்துவிட்டார். மணலுக்குள்ளிருந்து கொஞ்ச நேரம் யாரோ காதலித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

பெரியம்மா சேலையை இழுத்துச் செருகினார். “டாக்டர் பாட்டுன்னுதான சொன்னாரு? போனுன்னா சொன்னாரு?”

கல்யாணத்துக்கு முன்னால் அவரும் அதே கம்பெனியில், பெரியப்பாவின் கண்காணிப்பில், பட்டாசுச் சரம் பின்னியவர். ரூமில் பெண்கள் பாடிக்கொண்டே பின்னுவார்களாம். மொதலாளிக்குப் பாட்டு ஆகாது. அவர் கார் வந்து நிற்கும்போது பாடிக்கொண்டிருந்தவள் மறுநாள் வேலைக்கு வர வேண்டாம். அதில் ஒரு பாட்டு, விடியுமுன்னே வேன் வந்து ஆரன் அடிக்கிறதே என்று போகும். அதைத்தான் எடுத்தார். பெரியம்மாவின் குரல் இருக்கிறதே, தகரத்தைச் சுரண்டின மாதிரி இருக்கும். பாடிக்கொண்டே லைட்டரை அழுத்தினார்.

தீ பிடித்தது. பெரியப்பா வாளியைத் தூக்கினார். அண்ணன் எழுந்து கேஸ் வால்வுக்குப் பாய்ந்தார்.

தூக்கிய வாளி அப்படியே நின்றது. பிறகு மெல்லக் கீழே இறங்கியது. பெரியப்பா அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வாசலை அடைத்த மாதிரி நின்று, நேரே தெரிகிற தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். கோபித்துக்கொண்டார் என்றுதான் நான் நினைத்தேன்.

உலை கொதித்தது. அரிசி போட்டாயிற்று.

தெருவில் ஒரு கார் வந்தது. பெரியப்பா லேசாக இரண்டு தடவை இருமினார். பெரியம்மா பாட்டைப் பாதியில் டக்கென்று நிறுத்தினார். கார் போய்விட்டது. பெரியப்பா தலையை ஆட்டினார். விட்ட இடத்திலிருந்து பாட்டு தொடர்ந்தது. பெரியம்மாவின் கண்ணெல்லாம் தண்ணீர், முகமெல்லாம் சிரிப்பு.

பாவம், பெரியப்பாவுக்குச் சளி பிடித்திருக்கிறது, அதை யாருமே கவனிக்கவில்லை என்று எனக்கு ஆத்திரம். “பெரியப்பாக்கு வெந்நி வேணும்!” என்று கத்திக்கொண்டு, அஞ்சாவது ஆளாக ஓடினேன்.

அவர் தெருவிலிருந்து கண்ணை எடுக்காமலே, ஒரு ஓரமாக நகர்ந்து எனக்கு வழிவிட்டார்.