நெல்ஸ் வயல் மட்டும் எப்படிப் பச்சை?

எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிறவள் வெர்னா. ஓல்ட்மேன் ஆற்று மதகிலிருந்து கடைசி வயல்வரை பழைய பிக்கப் வண்டியில் போய், யார் முறையோ அவர்களுடைய மடைப் பூட்டைச் சாவி போட்டுத் திறப்பாள். அந்த வண்டிச் சத்தம் கேட்டால்தான் எங்களுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருக்கும்.

அந்த வருஷம் மலையில் பனியே சரியாக விழவில்லை. ஜூலையில் ஆறு முழங்காலுக்கு இறங்கிவிட்டது. அதிலும் பாதியைக் கீழே இருக்கும் பக்கத்து மாகாணமான சஸ்காச்சுவானுக்கு ஒப்பந்தப்படி விட்டாக வேண்டும். வாய்க்காலின் கடைக்கோடியில் பயிர் வைத்திருக்கும் ஓஸ்டாப்புக்கு இதுதான் தீராத வயிற்றெரிச்சல்.

“மூஞ்சியே பாக்காதவனுக்குப் பாதிய விட்டுட்டு நாம வாயில மண்ணப் போட்டுக்கணுமா?” என்பான்.

“உனக்கு மேல இருக்கறவனெல்லாம் அப்படி நெனச்சா உன் வயலுக்கு ஒரு சொட்டு வருமாய்யா?” என்பாள் வெர்னா. அவன் முணுமுணுத்துக்கொண்டே போய்விடுவான். மறுநாள் மறுபடி ஆரம்பிப்பான்.

எல்லோருடைய சர்க்கரை பீட்ரூட்டும் வாடியது. வெர்னாவின் புருஷன் நெல்ஸின் வயல் மட்டும் தளதளவென்று நின்றது. அந்த மனுஷன் சும்மாவாவது இருந்தானா? காப்பிக் கடையில் உட்கார்ந்துகொண்டு, “எல்லாம் கைராசிப்பா!” என்று அளந்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“பொண்டாட்டி கையில சாவி இருந்தா எவன் வயலும் பச்சையாத்தான் இருக்கும்” என்று ஓஸ்டாப் அவள் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டான். சனிக்கிழமை நடக்கும் வாய்க்கால் சங்கக் கூட்டத்தில் அவளை வேலையைவிட்டு எடுக்க வேண்டும் என்று வீடுவீடாகப் போய் ஆள் சேர்த்தான்.

வெர்னா அழவில்லை. ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு, எங்கே தண்ணீர் கசிகிறது என்று வாய்க்கால் கரையைக் கம்பியால் குத்திப் பார்த்துக்கொண்டே நடந்தாள். நானும் கூடப் போனேன். அவர்களுடைய மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் கம்பி சரக்கென்று உள்ளே இறங்கியது. நீரெலி வளை! தண்ணீர் அது வழியாக நெல்ஸின் வயலுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. வளையின் வாயிலிருந்து வயல்வரை அழகாக ஒரு சின்னக் கால்வாய் வேறு வெட்டியிருந்தது. எந்த எலிக்கு ஐயா மண்வெட்டி பிடிக்கத் தெரியும்?

“யோவ், இதுதான் உன் கைராசியா?” என்று கொட்டகையிலிருந்து வந்த புருஷனைப் பிடித்துக் கேட்டாள் வெர்னா.

நெல்ஸ் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். “எலி தோண்டினதுக்கு நான் என்ன பண்றது வெர்னா? நான் வழிதானே பண்ணிவிட்டேன்.”

அன்றைக்கே களிமண் போட்டு வளையை அடைத்தாள். கூட்டத்தில் யாரும் கேட்பதற்கு முன்னால் எழுந்து நடந்ததைச் சொன்னாள். “ஓடிப்போன தண்ணி எங்க முறைத் தண்ணின்னு வெச்சுக்கங்க. இனிமே அறுவடை வரைக்கும் எங்க மடை பூட்டியேதான் கெடக்கும். வேலைய விட்டு எடுக்கணும்னா எடுங்க.”

எடுக்கச் சொல்லி ஒரு கையும் உயரவில்லை. ஓஸ்டாப்பின் கைகள் சட்டைப் பைக்குள்ளேயே இருந்தன.

கடைக்கோடிவரை தண்ணீர் எட்டியது. ஆகஸ்ட் வெயிலில் நெல்ஸின் வயல் துவண்டது. காப்பிக் கடைப் பக்கமே அவன் வரவில்லை. வெர்னா அந்த வயல் பக்கம் திரும்பாமல் வண்டி ஓட்டினாள். பாவம், அது அவளுடைய வயலும்தானே!

ஓஸ்டாப்பின் முறை வந்தது. மடையைத் திறக்கப் போனவளை அவன் நிறுத்தினான்.

“வெர்னாக்கா, என் முறையில பாதிய உன் புருஷனுக்கு விடு.”

“உன் பீட்ரூட்டே இப்பத்தானே தலை தூக்குது. உனக்கென்ன கிறுக்கா?”

“மூஞ்சியே பாக்காத சஸ்காச்சுவான்காரனுக்கே பாதி விடறோம். இவன் மூஞ்சியத்தான் தெனமும் பாத்துத் தொலைக்கிறேனே!”

வெர்னா மடைமேல் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் வீட்டு மடைச் சாவியைத் தேடி எடுத்தாள்.