பகலெல்லாம் கேட்டில் இருந்த போன்

சொர்ணலட்சுமி பட்டாசு வேலையில் முதலில் திரி வெட்டினார். பிறகு புஸ்வாணத்துக்கு மருந்து திணித்தார். மருந்துத் தூசி நெஞ்சில் தங்கி இருமல் நிற்காமல் போனபோது, போர்மேன் சுந்தர்ராஜ் அவரை வீட்டுக்கு அனுப்பவில்லை. கேட்டுக்கு மாற்றினார். அச்சங்குளத்துப் பக்கம், கரிசல் காட்டுக்குள் தள்ளி இருக்கும் சின்னக் கம்பெனி அது. காலையில் வேன்கள் வந்து நின்றதும் பெண்களைச் சோதித்து உள்ளே விடுவதுதான் அவருக்கு வேலை. தீப்பெட்டி உள்ளே போகக்கூடாது. போனும் போகக்கூடாது. மருந்து இருக்கும் அறையில் சின்னப் பொறி போதும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் மடியில் போனைச் செருகிக்கொண்டு மறந்துபோகிறவர்கள் தினமும் இருந்தார்கள்.

வாங்கிய போன்களை மேசையில் குவித்து வைப்பது சொர்ணலட்சுமிக்குப் பிடிக்கவில்லை. ஒன்றோடொன்று உரசிக் கண்ணாடி கீறும். பழைய சேலைகளைக் கிழித்து ஆளுக்கு ஒரு பை தைத்தார். யாருடைய போனோ அவரவர் சேலைத் துணியிலேயே பை. பெயர் எழுதத் தேவையில்லை. காவல் அறைச் சுவரில் வரிசையாக ஆணி அடித்து அவற்றைத் தொங்கவிட்டார். சாயந்தரம் வேன் கிளம்பும்போது யார் வந்து கை நீட்டினாலும், முகத்தைப் பார்த்துப் பையை எடுத்துக் கொடுப்பார். ஒருநாளும் மாறிப்போனதில்லை.

பகலில் போன் ஒலித்தால் அவர்தான் எடுப்பார். பள்ளிக்கூடத்திலிருந்து வரும், ஆஸ்பத்திரியிலிருந்து வரும். விஷயம் பெரிது என்றால் உள்ளே ஆள் அனுப்புவார். சின்னது என்றால் சாப்பாட்டு நேரத்தில் சொல்வார். இதற்காகப் பெண்கள் தங்கள் போன் பூட்டு எப்படித் திறக்கும் என்று அவரிடம் சொல்லி வைத்தார்கள். ஒவ்வொருத்திக்கும் ஒவ்வொரு கோடு. அக்காவுக்குக் குழப்பம் வேண்டாம் என்று ஒருநாள் வேனிலேயே பேசி முடிவு செய்து, எல்லோரும் ஒரே கோட்டை வைத்துக்கொண்டார்கள். மேலிருந்து கீழே இழுத்து, வலப்பக்கம் திருப்ப வேண்டும். அந்த வேனில் வரும் எந்தப் போனும் அதற்குத் திறக்கும். இதில் தவறு இருக்கிறது என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை, சொர்ணலட்சுமிக்கும்தான்.

யோகேஸ்வரி போன தீபாவளி முடிந்து வேலைக்குச் சேர்ந்தவள். ஆலங்குளத்துப் பக்கத்திலிருந்து மகள் சினேகாவைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். புருஷன் ராஜபாண்டியன் லாரி ஓட்டுகிறவன். அவன் அடித்த அடியில் அவளுக்கு இடது காது சரியாகக் கேட்காது. கடைசியில் மகள் மேலும் கை வைத்தபோது, மாற்றுச் சேலையும் பிள்ளையின் புத்தகப் பையும் போனும் மட்டும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். வந்த அன்றைக்கே பழைய சிம்மைக் கழற்றி எறிந்து புது நம்பர் வாங்கினாள். அதோடு அவனுக்கும் தனக்கும் இருந்த கடைசி இழையும் அறுந்துவிட்டது என்று நம்பினாள். இந்த விவரமெல்லாம் போர்மேனுக்கும் சொர்ணலட்சுமிக்கும் மட்டும்தான் தெரியும்.

ஒருநாள் காலை, வெயில் ஏறிய நேரத்தில், ஊதாப் பூப்போட்ட பைக்குள் இருந்து போன் ஒலித்தது. யோகேஸ்வரியின் போன். பள்ளிக்கூடம் என்று நினைத்து சொர்ணலட்சுமி எடுத்தார். ஆண் குரல்.

"யோகேஸ்வரிகிட்ட குடு."

அப்படி யாரும் இங்கே இல்லை, நம்பர் தப்பு என்றார். அந்தப் பக்கம் சிரித்தான்.

"எனக்கா தெரியாது? காலையில வந்தா சாயந்தரம் வரைக்கும் அந்தக் கம்பெனி கேட்டுலயே குத்தவச்சிருக்கா. அங்கன எவன்கூட அம்புட்டுப் பேச்சு? நாளைக்கு வேன் எடுக்குற நேரத்துக்கு வாரேன்னு சொல்லு. பிள்ளைய எங்க வச்சிருக்கான்னு அவ வாயாலயே சொல்ல வைக்கேன்."

சொர்ணலட்சுமி பேச்சைத் துண்டித்துப் போனைப் பையில் வைத்தார். இதைச் சாப்பாட்டு நேரம் வரை வைத்திருப்பதா என்று யோசித்தார். மருந்தில் கை வைத்திருக்கிறவளிடம் இதைச் சொல்வது ஆபத்து. கை நடுங்கினால் போதும். வைத்திருந்தார்.

மணி அடித்துப் பெண்கள் தூக்குவாளியோடு வேப்பமரத்தடிக்கு வந்ததும் யோகேஸ்வரியைத் தனியே கூப்பிட்டு, அவன் சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். அவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் இருந்த முத்துமாரி ஓடி வந்தாள். என்ன ஏது என்று கேட்டு, விஷயம் வெளியே வந்துவிட்டது. அவனுக்கு இந்த இடத்தை யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள் என்ற பேச்சு எழுந்தது.

முத்துமாரி மனதில் பட்டதை வாயில் நிறுத்தத் தெரியாதவள். "நம்ம போனெல்லாம் ஒரே கையிலதான இருக்கு," என்றாள். "எக்கா, கோவிச்சுக்கிடாதீக. நானா சொல்லாட்டாலும் எல்லாரும் நெனைக்கிறதுதான்."

சொர்ணலட்சுமி அவளைப் பார்க்கவில்லை. யோகேஸ்வரியைத்தான் பார்த்தார். அவள் கண்ணும் ஒரு கணம் அவர் மேல் சந்தேகத்தோடு நின்று விலகியது. அது சுட்டது. ஆனால் அதற்காக வருத்தப்பட நேரம் இல்லை. நாளைச் சாயந்தரம் அவன் வருவான். வேன் பின்னாலேயே வந்தால் வீடு தெரிந்துவிடும். வீடு தெரிந்தால் பிள்ளையைத் தூக்கிவிடுவான்.

அவர் மறுபடியும் அவன் பேச்சை மனதில் ஓட்டிப் பார்த்தார். வேலையில் சேர்ந்த காலம் முதல் அவருக்கு அந்தப் பழக்கம் உண்டு. திரி நனைந்திருந்தாலும் எங்கே நனைந்தது என்று கண்டுபிடிக்காமல் விட மாட்டார்.

"ஏத்தா, நீ என்னைக்காச்சும் பகல்ல கேட்டுல ஒக்காந்திருக்கியா?" என்று கேட்டார்.

இல்லை என்று யோகேஸ்வரி தலையாட்டினாள். காலையில் உள்ளே போனால் சாயந்தரம்தான் வெளியே வருகிறாள்.

"ஆளு யாராச்சும் பாத்துச் சொல்லியிருந்தா, செட்டுக்குள்ள திரி சொருகுறான்னுல சொல்லியிருப்பாக. கேட்டுல பொழுதுக்கும் கெடக்குறது ரெண்டே பேரு. ஒண்ணு நானு. இன்னொண்ணு ஒம் போனு. என்னைய அவன் தேடல."

முத்துமாரி மெதுவாகத் தன் தூக்குவாளியை மூடினாள்.

"போனு இருக்கிற எடந்தான் அவனுக்குத் தெரியுது," என்றார் சொர்ணலட்சுமி. "வீடு தெரியாது. தெரிஞ்சா பிள்ள எங்கன்னு ஏன் கேக்கான்?"

அது ஏன் தெரியவில்லை என்பதும் யோசித்ததில் விளங்கியது. சினேகா எந்நேரமும் பாட்டுப் பார்க்கிறாள் என்று, சாயந்தரம் போனைக் கையில் வாங்கியதுமே யோகேஸ்வரி நெட்டை அணைத்துவிடுவாள். காலையில் கேட்டில் கொடுக்கும்போது, பள்ளிக்கூடக் குழுவில் செய்தி வந்தால் அக்கா பார்க்கட்டும் என்று போட்டுவிடுவாள். போன் வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் ஊமையாக இருந்திருக்கிறது. இதைக் கேட்டதும் யோகேஸ்வரி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

சுந்தர்ராஜ் சொர்ணலட்சுமிக்கும் யோகேஸ்வரிக்கும் அப்போதே லீவு கொடுத்து, வேலையாகச் சாத்தூர் போகிற கம்பெனி வண்டியில் ஏற்றிவிட்டார். நெட்டை அணைத்த பிறகுதான் சொர்ணலட்சுமி போனைக் கேட்டை விட்டு வெளியே எடுத்தார். பஜாரில் விக்னேஷ்குமார் என்பவர் போன் ரிப்பேர் கடை வைத்திருந்தார். வைத்துவிட்டுப் போங்கள், நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்றார் அவர். கண் முன்னால் பார்ப்பதானால் பார்க்கட்டும், இல்லையென்றால் வேறு கடைக்குப் போகிறோம் என்றார் சொர்ணலட்சுமி. அவர் சிரித்துக்கொண்டே ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

நடந்ததைச் சொன்னதும், போன் யார் வாங்கியது என்றுதான் முதலில் கேட்டார். புருஷன் வாங்கிக் கொடுத்தது. முதல்நாள் எல்லாம் போட்டுக் கொடுத்ததும் அவன்தான். விக்னேஷ்குமார் செட்டிங்ஸுக்குள் போய் ஓர் இடத்தைக் காட்டினார். அங்கே ராஜபாண்டியன் பெயரில் ஒரு மெயில் கணக்கு இருந்தது.

சிம்மை மாற்றினால் நம்பர்தான் மாறும், இந்தக் கணக்கு போனுக்குள்ளேயே இருக்கும் என்று அவர் நிதானமாக விளக்கினார். தொலைந்த போனைக் கண்டுபிடிக்க வைத்திருக்கிற வசதி அது. கணக்கின் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறதோ அவர் வேறொரு போனில் உட்கார்ந்துகொண்டு இந்தப் போன் எங்கே இருக்கிறது என்று பார்க்கலாம். புது நம்பர் எப்படித் தெரிந்தது என்று யோகேஸ்வரி கேட்டாள். யாராவது கேட்டால் பார்த்துச் சொல்வதற்காக அவள் தன் நம்பரையே 'என் புது நம்பர்' என்று சேமித்து வைத்திருந்தாள். சேமித்தது அவன் கணக்கிலும் போய் ஏறியிருந்தது.

"இப்பமே அழிச்சிருங்க," என்றாள் யோகேஸ்வரி.

அழிக்கலாம், ஆனால் அழித்ததும் அவனுக்குச் சந்தேகம் வரும். நாளைக்கு வராமல் வேறு வழியில் தேடுவான். அதற்கு முன்னால் இது அவன் கணக்கு என்பதற்கு ஒரு சாட்சி வேண்டும் என்றார் விக்னேஷ்குமார். அந்தப் பக்கத்தைத் தன் போனில் படம் எடுத்து, பிரிண்டு போட்டுக் கொடுத்தார்.

அதை எடுத்துக்கொண்டு மகளிர் காவல் நிலையத்துக்குப் போனார்கள். அங்கிருந்த பெண் ஏட்டு முழுவதையும் கேட்டார். காதைப் பற்றியும் கேட்டு எழுதிக்கொண்டார். நாளைக்கு போன் வழக்கம்போல கேட்டிலேயே இருக்கட்டும், நெட்டும் ஓடட்டும், நீ மட்டும் வேலைக்குப் போகாதே என்றார்.

மறுநாள் யோகேஸ்வரியும் சினேகாவும் ஏட்டுக்குத் தெரிந்த ஜெபிஷா என்ற நர்ஸின் வீட்டில் இருந்தார்கள். ஊதாப் பூப்போட்ட பை மட்டும் சொர்ணலட்சுமியோடு வேலைக்குப் போனது.

சாயந்தரம் வேன்கள் வந்து நிற்கும் நேரத்தில் ராஜபாண்டியன் பைக்கில் வந்தான். எதிரே கருவேலமரத்தடியில் நிறுத்தி, கையிலிருந்த போனைப் பார்த்தான், கேட்டைப் பார்த்தான். மறுபடியும் போனைப் பார்த்தான். அது யோகேஸ்வரி இங்கேதான் இருக்கிறாள் என்று சொல்லிக்கொண்டிருந்தது. சொர்ணலட்சுமி ஒவ்வொருத்தியாகப் போனை எடுத்துக் கொடுத்தார். பெண்கள் அவனைப் பார்க்காதது போல வேனில் ஏறினார்கள். முத்துமாரி மட்டும் ஏறாமல் அவர் பக்கத்திலேயே நின்றாள். போகச் சொன்னாலும் போகவில்லை.

மற்ற எல்லோரும் ஏறியதைக் கண்டு அவன் கேட்டுக்கு வந்தான். யோகேஸ்வரி எங்கே என்றான்.

"இந்தா," என்று அந்தப் பையைத் தூக்கிக் காட்டினார் சொர்ணலட்சுமி. "இம்புட்டு நாளா நீ பாத்துக்கிட்டு இருந்தது இதத்தான்."

அவன் எட்டிப் பறிக்கப் பார்த்தபோது காவல் அறைக்குள் இருந்து பெண் ஏட்டும் இன்னொரு போலீஸ்காரியும் வெளியே வந்தார்கள். அவன் கையில் இருந்த போனை வாங்கிப் பார்த்தார்கள். திரையில் வரைபடமும் அதில் இந்தக் கேட்டும் இருந்தன. ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வழக்குப் பதிவானது. அவளையும் பிள்ளையையும் நெருங்கக்கூடாது என்று கோர்ட்டில் தடையும் கிடைத்தது.

போலீஸ் வேலை முடிந்து போன் திரும்பிவந்ததும், சினேகாவின் படங்களை ஒரு கார்டில் ஏற்றிக்கொண்டு விக்னேஷ்குமார் அந்தக் கணக்கை நீக்கினார். போனையும் முழுக்கத் துடைத்தார். புதுக் கணக்குக்குப் பாஸ்வேர்டு போடும்போது தானும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, சொர்ணலட்சுமியையும் திரும்பச் சொன்னார். யோகேஸ்வரி தட்டுத்தடுமாறித் தானே எழுதினாள். புது சிம்மும் போட்டுக்கொண்டாள்.

அடுத்த திங்கள்கிழமை காலையில் சொர்ணலட்சுமி எல்லோரையும் கேட்டில் நிறுத்தினார். ஆளாளுக்குப் புதுக் கோடு போட வேண்டும். தனக்கும் சொல்லக்கூடாது, பக்கத்தில் இருப்பவளுக்கும் சொல்லக்கூடாது என்றார். அப்புறம் போன் வந்தால் எப்படி எடுப்பீர்கள் என்று கேட்டாள் முத்துமாரி. அவள் போனைப் பூட்டச் சொல்லி, தன் போனிலிருந்து கூப்பிட்டார். பூட்டியிருக்கும்போதே ஒலித்தது. பச்சையைத் தள்ளி எடுத்தார். பேசினார். உள்ளே இருக்கிற எதுவும் திறக்கவில்லை. பள்ளிக்கூடச் செய்திக்குக் கம்பெனி நம்பரைக் கொடுத்துக்கொள்ளலாம் என்று சுந்தர்ராஜும் சொல்லிவிட்டார்.

"இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா நானும் ஒங்கள ஒரு சொல்லு சொல்லியிருக்க மாட்டேன்," என்றாள் முத்துமாரி.

"நீ சொல்லாம இருந்தா எனக்கு ரோசம் வந்திருக்காது. போ, உள்ள மணி அடிக்கப் போகுது."

அன்று சாயந்தரம் திரும்புகிற வேனில் யோகேஸ்வரி சன்னல் ஓரம் உட்கார்ந்தாள். வந்த நாள் முதல், பின்னால் வரும் ஒவ்வொரு பைக்கையும் திரும்பிப் பார்த்துக்கொண்டே போகிறவள் அவள். அன்றைக்கு வேன் மெயின் ரோட்டில் ஏறுவதற்கு முன்பே தூங்கிவிட்டாள். தலை முத்துமாரி தோளில் சாய்ந்தது. பாட்டை நிறுத்தச் சொல்லி டிரைவருக்குக் கை காட்டிவிட்டு, யோகேஸ்வரி இறங்கும் ஊர் வரும் வரை முத்துமாரி தோளை அசைக்காமல் வந்தாள்.