லீவுல வந்த கப்பல்காரர்

கப்பல்ல உலகத்தையே சுத்தினவன் நான். சரி, பொய்யி. பாண்டிச்சேரியில படகு ஏறி வாந்தி எடுத்தவன். இப்ப பொண்ணு எங்களுக்கு நெஜக் கப்பலுக்கே டிக்கெட் போட்டிருக்கா. அங்க வேலை செய்யறவங்களுக்கு டிப்ஸை முன்னாடியே கட்டிடலாமா, நேர்ல கையில குடுக்கலாமான்னு கேக்கறா.

நேத்து திண்டிவனத்துல பஸ் ஏறினா, பக்கத்து சீட்டுக்காரர் கப்பல்ல ரூம் சுத்தம் பண்றவராம். மூஞ்சி இஸ்திரி போட்ட மாதிரி இருந்துச்சு. பேசிக்கினே என் துண்டை வாங்கி, கப்பல் ரூம்ல மடிச்சு வைக்கிற பழக்கத்துல வாத்து மாதிரி மடிச்சாரு. ஆனா சிரிக்கவே இல்ல.

"கையில குடுத்தா உங்களுக்குத்தானே லாபம்?"ன்னேன்.

"முன்னாடியே கட்டிடுங்கண்ணே. குடுப்பாங்களா மாட்டாங்களான்னு கடைசி நாள் வரைக்கும் சிரிச்சுக்கினே இருக்கணும். வாய் வலிக்குது. லீவுலதான் அதுக்கு ரெஸ்ட்டு."

விழுப்புரத்துல எறங்கும்போது என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிச்சாரு பாருங்க. அது எதுக்குன்னு இன்னும்...

"யோவ்! பொண்ணு லைன்ல இருக்கா. கட்டறதா, வேணாமா?" வூட்டுக்காரி கத்தறா.

"கட்டிடச் சொல்லுடி, வர்றேன்!"