உப்பிய திரையில் ஒரு வள்ளம்

எனக்குப் புதுக் கணினியை விற்ற கடைக்காரர் நல்ல மனிதர். கிராபிக்ஸ் எல்லாம் புரோசசருக்குள்ளேயே இருக்கிறது, தனியாகக் கார்ட் வாங்கத் தேவையில்லை என்று வாயாரப் புகழ்ந்தார். அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போடப் போகிறேன் என்று சொன்னதுதான் தாமதம், முகம் சுருங்கிவிட்டது. "அப்ப வாரண்டியைப் பற்றிக் கதைக்கப்படாது மிஸ்" என்றார். நல்ல மனிதர் என்று சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு வாடகை அறையில் இருந்துகொண்டு மீன்பிடி வள்ளங்களைக் கணினியில் வரைந்து கொடுப்பது என் தொழில். நான் வரைவதைப் பார்த்து ஆசாரி பலகையில் அச்சுச் செய்வார். அந்த அச்சில் ஃபைபர் வள்ளம் வார்ப்பார்கள். அப்போது கையில் இருந்தது கிண்ணியா நானா ஒருவரின் வேலை; நானா என்றால் இங்கே முஸ்லிம்களுக்கு அண்ணன். போன வாடைக்காலத்தில் அவருடைய வள்ளம் கொட்டியாரக் குடாவில் பிரண்டது. அவரும் தம்பியும் கவிழ்ந்த வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு தப்பினார்கள். தங்கையின் புருசன் திரும்பவில்லை. அந்தத் தங்கையின் மகன்தான் இனி இவர்களோடு கடலுக்குப் போகப்போகிறவன். அதனால் நானா எனக்குச் சொன்னது ஒன்றே ஒன்று: "பிரளப்படாது தங்கச்சி. நல்ல அகலமா இருக்கோணும். அளவெல்லாம் தம்பி கொண்டுவந்து தருவான்." தம்பி தந்தார். நான் வரைந்தேன்.

எங்கள் ஊரில் லினக்ஸ்காரர்கள் என்று ஒரு கூட்டம் உண்டு. டேட்டாவை மிச்சம் பிடிக்கிறோம் என்று, யாரோ எந்தக் காலத்திலோ லினக்ஸை இறக்கி வைத்த ஒரே பென் டிரைவைக் கைமாற்றிக் கைமாற்றிப் போடுவார்கள். நிலாவெளி ஹோட்டல் வரவேற்பு மேசையிலும் அதுதான், தம்பலகாமத்து டியூஷன் வகுப்பிலும் அதுதான். லினக்ஸுக்கு அடித்தளம் கேர்னல். அந்தப் பென் டிரைவில் இருந்த கேர்னலோ என் கிராபிக்ஸ் சிப் பிறப்பதற்கு முன்பே செய்தது. பிறக்காத பிள்ளையை அதற்கு எப்படி அடையாளம் தெரியும்? போட்டேன். திரை கறுத்துப்போய்க் கிடந்தது.

கூட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். ஏதோ கோயில் பஜனை மாதிரி எல்லோரும் ஒரே பாட்டைப் பாடினார்கள். தொடங்கும்போது ஒரு வரியைச் சேர்க்கட்டாம். கிராபிக்ஸ் பக்கமே போகாதே என்று கேர்னலுக்கு உத்தரவிடும் வரி. நல்ல வைத்தியம்! சேர்த்தேன். படம் வந்தது, என்ன படம்! சதுரப் படத்தை அகலத் திரைக்கு இழுத்து ஒட்டினதுபோல எழுத்தெல்லாம் உப்பி, வட்டக் கடிகாரம் பூசணிக்காயாகிக் கிடந்தது. வள்ளத்தைச் சற்றுத் திருப்பினால் திக்கித் திக்கித் திரும்பியது. "படம் வந்திட்டுதுதானே, பிறகென்ன?" என்று எழுதி, பெருவிரலை வேறு தூக்கிக் காட்டினார்கள். அந்த விரல்களை ஒடிக்கவேண்டும்போல இருந்தது.

இந்தக் கோலத்தில்தான் நானாவும் தம்பியும் வந்து இறங்கினார்கள். இங்கே கடலுக்குப் போகிறவர் எவரும் வரைபடத்தின் எண்களை வாசிப்பதில்லை. வள்ளத்தைப் பின்பக்கமிருந்து ஒருமுறை பார்ப்பார், பிடித்தால் ஓம் என்பார், மறுநாள் ஆசாரி பலகையை அறுக்கத் தொடங்கிவிடுவார். நானா கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து நெடுநேரம் பார்த்தார்.

"மாஷா அல்லாஹ். என்ன அகலம்! இது பிரளாது."

"நானா, திரை பிழை. அது இழுத்துக் காட்டுது. நான் திருத்தினாப் பிறகு வந்து பாருங்க."

"படம் தெரியுதுதானே? என்னத்துக்கு மினக்கெடுறீங்க? ஆசாரி பாத்துக்கொண்டு நிக்கிறான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உப்பின படத்துக்கு நீங்க ஓம் சொன்னா நான் பிரிண்ட் எடுத்துத் தரமாட்டன். ஏலாது."

தம்பி சிரித்தார். "லினக்ஸ்காரருக்கு வேற வேலை இல்ல நானா."

அவர்கள் போனதும் போனை இணைத்து, புதுக் கேர்னலையும் அந்தச் சிப்புக்கான கோப்புகளையும் புது கிராபிக்ஸ் டிரைவரையும் இறக்கினேன். "புதுசைப் போட்டாப் பழுதாப்போகும், கவனம்" என்று குழுவில் ஒரு மகான் அருள்வாக்குச் சொன்னார். புதுச் சிப்புக்குப் பழங்கேர்னல் போட்டு என்னத்தைக் கண்டீர்கள் என்று கேட்க வாய் உன்னியது. கேட்கவில்லை. அந்தப் பாழாய்ப்போன வரியை அழித்துவிட்டு மறுபடி தொடங்கினேன். எழுத்து எழுத்தாகவும் வட்டம் வட்டமாகவும் இருந்தது. வள்ளம் வழுக்கிக்கொண்டு திரும்பியது. படமெடுத்துக் குழுவில் போட்டேன். இப்போது ஒரு விரலையும் காணோம். கையைத் தட்டிச் சிரித்தேன், தனியாகத்தான்.

மறுநாள் நானாவும் தம்பியும் வந்தார்கள். நான் வெற்றிப் பெருமிதத்தோடு வள்ளத்தைச் சுழற்றி, பின்பக்கத்தை அவர் முன்னால் நிறுத்தினேன். நானா கதிரையை முன்னுக்கு இழுத்தார்.

"இது பழைய வள்ளம்."

"இல்ல நானா, புதுசு. இதைவிட…"

"மச்சான் போன வள்ளம்." தம்பி பக்கம் திரும்பினார். "எதில அளந்தனீ?"

"பழசிலதான். கரையில கிடக்குதுதானே. எல்லாரும் பழசிலதானே அளக்கிறது. நீளம் கூட்டித்தான் குடுத்தனான்." அகலத்தை அவர் தொடவே இல்லை.

பிரண்ட வள்ளத்தில் அளவெடுக்கிற மூளையைப் பற்றி என்னிடம் நல்ல வார்த்தைகள் நிறைய இருந்தன. நானா விரலை நீட்டித் திரையில் வள்ளத்தின் அகலத்தைத் தடவியதும் அவற்றை விழுங்கிக்கொண்டேன்.

"அகலத்தைக் கூட்டுங்க தங்கச்சி."

"எவ்வளவு நானா?"

"எனக்குத் தெரியா. கூட்டுங்க."

மவுஸைப் பிடித்து மெதுவாக இழுத்தேன். வள்ளம் இரண்டு பக்கமும் விரிந்தது. "இன்னும்" என்றார். விரித்தேன். "இன்னும்." எந்த எஞ்சினும் தள்ளமுடியாத அளவுக்கு, வள்ளம் என்றே சொல்லமுடியாத அளவுக்கு அது அகன்றுபோயிற்று. அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "இன்னும் கொஞ்சம்" என்றார்.